விரல் பட்ட பிறகு

கண்ணாடியில் ஒரு விரல் பட்டால் அதற்குப் பிறகு என்ன நடக்கவேண்டும் என்று எழுதிக்கொடுப்பதுதான் எங்கள் தொழில்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்தெருவில், ஒரு இரும்புக்கடையின் மேல்மாடியில் நானும் ரிஸ்னாவும் வேலை செய்கிறோம். ரிஸ்னா கிண்ணியாப் பிள்ளை. மின்சுற்று அவவுடையது, மென்பொருள் என்னுடையது என்று ஒரு பேச்சுக்குப் பிரித்து வைத்திருக்கிறோம். ஐஸ் ஆலை, நெல் ஆலை, மீன்பிடி வள்ளம் என்று இந்தப் பக்கத்து இயந்திரங்களுக்கு உள்ளங்கை அளவுத் தொடுதிரைகள் செய்துகொடுப்போம். பொத்தானை வரைவதற்கு ஆயத்தமான நிரல் நூலகம் ஒன்று இருக்கிறது. அது பொத்தானை வரைந்துவிட்டு எங்களுக்குச் செய்தி மட்டும் அனுப்பும்: விரல் பட்டது, விரல் எடுபட்டது, கனநேரம் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள், விரல் வழுக்கி வெளியே போய்விட்டது. இந்தச் செய்திகளுக்கு நிகழ்வுகள் என்று பெயர். எதற்கு என்ன செய்வது என்பது எங்கள் தலையில். வங்கி இயந்திரத்தின் முன் நின்று ஒரே பொத்தானைக் குத்திக் குத்திப் பெருமூச்சு விட்டவர்களே, நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பெருமூச்சு விடுகிறவன் நான்.

தாராள மனசுள்ள மெஷின்

ஐஸ் ஆலை முபாரக் நானாவுக்கு நாங்கள் செய்துகொடுத்த திரையில் 'விடு' என்று ஒரு பொத்தான். தொட்டால் கதவு திறந்து ஒரு ஐஸ் கட்டி சறுக்கி வரும். காலையில் எல்லாம் சரியாக இருந்தது. கொஞ்சம் வெயில் ஏறியதும் ஒரு தொடுகைக்கு இரண்டு கட்டி வந்தது. பிறகு மூன்று. பெட்டியோடு வரிசையில் நின்ற மீன்காரர்களுக்கு நல்ல சந்தோசம். நான் ஓடிப்போய் வயர், கதவு, பல்சக்கரம் எல்லாவற்றையும் கழற்றிக் கொட்டினேன்.

ரிஸ்னா எதையும் தொடவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, முபாரக் நானா வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தா. நானா இடைக்கிடை குளிரறையின் வெப்பநிலை காட்டும் பக்கத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு முன்பக்கத்துக்குத் திரும்புகிற ஆள். முன்பக்கம் திறக்கிற நேரமெல்லாம் அந்தப் பொத்தானோடு 'தொட்டால் கதவைத் திற' என்ற கட்டளை புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டிருந்தது. பழையதை யாரும் கழற்றவில்லை. பொத்தான் தனக்குச் சொல்லப்பட்ட எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருக்கிறது! ஒரு தரம் மட்டும் சேர்க்கும்படி நான் மாற்றி எழுதும்வரை நானா பக்கத்தில் நின்று தேத்தண்ணி ஊற்றித் தந்தார். ஐஸ் நட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. போகும்போது சொன்னது இதுதான்: "கேட்டதுக்கு மேல தாற சாமான நான் இப்பதான் தம்பி முதல் தரம் காணுறன்."

புவனா அக்காவின் சிவப்பு ஒட்டுநாடா

ஈச்சிலம்பற்றில் நெல் ஆலை நடத்துகிறவர் புவனா அக்கா. நெல் காயவைக்கும் காற்றாடிக்கு எங்கள் திரை. காற்றாடிப் பொத்தானின் நடுவில் அழகுக்காக நான் ஒரு சின்னப் படம் வைத்திருந்தேன். அடுத்த போகத்துக்கு வேறு வேலையாக அங்கே போனபோது, பொத்தானைச் சுற்றிச் சிவப்பு ஒட்டுநாடா ஒட்டி, மேலே 'ஓரத்தில் தொடவும்' என்று எழுதியிருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. விரல் படத்தில் பட்டிருக்கிறது. படம் அந்தச் செய்தியை விழுங்கிவிட்டு, கீழே இருக்கிற பொத்தானுக்குக் கொடுக்கவேயில்லை. படத்தைத் தாண்டி ஓரத்தில் தொட்டால்தான் பொத்தானுக்குத் தெரியும்.

ஒரு போகம் முழுக்க அக்கா எங்களுக்கு ஒரு டெலிபோன் கோல்கூட எடுக்கவில்லை. ஆலையில் இருந்த எல்லாருக்கும் ஓரத்தில் தொடப் பழக்கி, அத்தனை நெல்லையும் காயவைத்து முடித்திருந்தா. வந்த செய்தியைப் பொத்தானுக்குக் கடத்தும்படி படத்துக்கு ஒரு வரி எழுதினேன், அவ்வளவுதான் வேலை. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அக்கா, மூட்டை தைத்துக்கொண்டிருந்த கணவரை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னா: "நேர தொட்டாக் கோவிக்கும், ஓரமாத் தொட்டாக் கேக்கும். எங்கட வீட்டில இன்னொண்டும் அப்பிடித்தானே, எனக்கு அது பழக்கம்."

கரையில் நல்ல பிள்ளை

நிலாவெளி ஜெயராசா அண்ணனின் வள்ளத்தில் இயந்திரச் சூடு, எண்ணெய், திசை எல்லாம் காட்டும் திரை ஒன்று பூட்டினோம். கரையில் நிற்கும்போது எல்லாப் பொத்தானும் வேலை செய்யும். கடலுக்குப் போனால் ஒன்றும் செய்யாது. கரைக்கு வந்து எங்களிடம் காட்டினால் திரும்பவும் நல்ல பிள்ளை. "நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்றார் அண்ணன். போனோம்.

வெளிக்கடல் தொட்டதும் நான் ஒரு மூலையில் சுருண்டுவிட்டேன். ரிஸ்னாவும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தா. வாயைத் துடைத்துவிட்டு, அண்ணனின் விரலையே பார்த்தா. விரல் பொத்தானில் சரியாகத்தான் படுகிறது. ஆனால் விரலை எடுப்பதற்குள் வள்ளம் ஒருதரம் சரிகிறது. விரல் கண்ணாடியில் கொஞ்சம் இழுபடுகிறது. நூலகம் அதைப் பார்த்து, இந்த மனிசன் பொத்தானை அழுத்தவில்லை, பக்கத்தை உருட்டப்போகிறார் என்று நினைத்துக்கொள்கிறது. அதனால் 'அழுத்தியாயிற்று' என்ற செய்தி வருவதேயில்லை.

பக்கம் உருளாதபடி அவ அங்கேயே, மடியில் கணினியை வைத்து மாற்றினா. நடுவில் இன்னும் இரண்டு தரம் விளிம்புக்குப் போய்வந்தா. நான் தலையைத் தூக்கவேயில்லை. பொத்தான் வேலை செய்ததும் ஜெயராசா அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "என்னோட வாற பெடியளே சத்தி எடுத்தாப் படுத்திடுவாங்கள். இந்தப் பிள்ளை எடுத்துப்போட்டுத் திரும்பியும் தட்டுது!"

மழை அழுத்திய பொத்தான்

அதற்குப் பிறகு நிலாவெளி மீனவர் சங்கம், திரையில் 'உதவி' என்று ஒரு பொத்தான் வைத்துத் தரச்சொன்னது. அழுத்தினால் ரேடியோ வழியாகக் கரையில் மணி அடிக்கும். வள்ளம் நிற்கும் இடமும் தெரியும். ஆடுகிற வள்ளத்தில் பாடம் படித்திருந்த நான், விரல் பட்ட உடனேயே அழைப்புப் போகும்படி எழுதினேன். ஒரு மழைநாளில் மணி அடித்தது. சங்கத்து அந்தோனி அண்ணன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டு வள்ளத்தில் மழையைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறார். அங்கே ஜெயராசா அண்ணன் சோற்றுப்பெட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொத்தானில் பட்டது மழைத்துளி.

ஏச்சு வாங்கத்தான் நாங்கள் கரைக்குப் போனோம். நனைந்த இடுப்புச் சாரத்தைப் பிழிந்துகொண்டே அந்தோனி அண்ணன், "பொய்யாக் கூப்பிட்டதில எங்களுக்குக் குறையில்லை. மெய்யாக் கூப்பிடேக்க மட்டும் இது பேசாமல் இருக்கக்கூடாது" என்றார். அந்த ஒரு வசனம் எங்கள் இருவரையும் பிடித்து ஆட்டிவிட்டது. ஒரு பெருமூச்சு நேரம் அழுத்திப் பிடித்தால்தான் அழைப்புப் போகவேண்டும் என்று ரிஸ்னா முடிவெடுத்தா. துளி பட்டதும் சிதறிப் போய்விடும், விரல் நிற்கும். பிடித்திருக்கும்போது பொத்தானைச் சுற்றி ஒரு வட்டம் நிரம்பும். விரல் வழுக்கிப் பொத்தானுக்கு வெளியே போனாலும், கண்ணாடியை விட்டு எடுபடாதவரை அது அந்தப் பொத்தானின் விரல்தான் என்று கணக்கு. எனக்குப் பயம் போகவில்லை. வட்டம் நிரம்பியதும் 'நிச்சயமா? ஓம், இல்லை' என்று ஒரு கேள்வியும் போடுவோமே என்றேன். ரிஸ்னா நான் எழுதிய வரியை அழித்துக்கொண்டே கேட்டா: "தாழப்போற மனிசனிட்ட 'நிச்சயமா' எண்டு கேக்கிறதா அண்ணன்?"

வட்டம் நிரம்பும்வரை

பிறகு ஒரு பின்னேரம். வெயிலாகத்தான் இருந்தது, காற்று மட்டும் திடீரென்று மாறியது. எங்கள் மேல்மாடியில் இருக்கிற சோதனைத் திரையிலும் அந்த மணி அடிக்கும்படி வைத்திருந்தோம். அடித்தது. ஜெயராசா அண்ணனின் வள்ளம். ரிஸ்னாவும் நானும் ஒரு ஓட்டோ பிடித்து நிலாவெளிக்குப் போனோம். அந்தோனி அண்ணன் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டார். கரையில் ஜெயராசா அண்ணனின் மனைவி நின்றா. அவவின் தம்பி தவமும் அதே வள்ளத்தில்தான் போயிருந்தான். அவ ரிஸ்னாவின் கையைப் பிடித்தா. வள்ளங்கள் கண்ணுக்குத் தெரியும்வரை விடவில்லை. நான் மணலைப் பார்த்துக்கொண்டு, எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் வாசித்துக்கொண்டிருந்தேன்.

இருவரும் உயிரோடு வந்தார்கள். ஒரு அலை வள்ளத்துக்குள் ஏறி இயந்திரத்தை அணைத்திருக்கிறது. அடுத்த அலை தவத்தை வெளியே தூக்கிப் போட்டிருக்கிறது. அவன் காலில் வலை சுற்றிக்கொண்டது. ஜெயராசா அண்ணன் திரை பூட்டியிருந்த தூணில் சாய்ந்து, இரண்டு கையாலும் அவனுடைய சட்டையைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். அப்படியென்றால் பொத்தானை எப்படி அழுத்தினீர்கள் என்று ரிஸ்னா கேட்டா. அண்ணன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். மூக்கால் அழுத்தி, வள்ளம் ஆடிய ஆட்டத்தில் மூக்கு திரையெல்லாம் வழுக்க, அதை எடுக்காமல், வட்டம் நிரம்பும்வரை பிடித்திருக்கிறார். மூக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. ரிஸ்னா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதா. துவாயைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்த தவம் அத்தானைப் பார்த்துச் சொன்னான்: "உங்கட கலியாண வீட்டில இருந்து இந்த மூக்கைத்தானே நான் பகிடி பண்ணிக்கொண்டு திரிஞ்சனான், இனி அதுவும் ஏலாது."

இத்தனை காலத்தில் நான் தெரிந்துகொண்டது, எங்கள் பொத்தான்களை எத்தனை தரம் திருத்தினாலும் அவற்றை அழுத்துகிற ஆட்களின் தரத்துக்கு அவை வந்துசேரப்போவதில்லை என்பதுதான்.