படித்துப் பார்க்காமல் வாங்கிய டிஸ்கெட்

எண்பதுகளின் நடுவில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சிங்கப்பூரின் தோ பாயோவில் அண்ணன் வீட்டில் கூடுவோம். உடன்பிறந்தவர் இல்லை; எல்லாரும் அவரை அண்ணன் என்றோம். தொலைபேசி பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. தேவாலயத்துக்குப் போட்டுப்போன சட்டையைக்கூட மாற்றாமல் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார். திரையில் தமிழ் எழுத்து வர ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். யார் கேட்டாலும் சும்மா கொடுப்பார், உள்ளே எழுதியிருக்கிற வரிகளோடு சேர்த்து. குறை தெரிந்தால் நாமே திருத்திக்கொண்டு வரலாம். வங்கியில் நாளெல்லாம் ஆங்கில எண்களைத் தட்டி அலுத்துப்போன எனக்கு அது பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது.

அண்ணனிடம் ஒரு பழக்கம். திருத்தத்தை டிஸ்கெட்டில் பதிந்து கொண்டுவந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிப்பார். "இது எதுக்கு?" என்பார். பதில் சொல்லத் திணறினால் டிஸ்கெட் கைக்குத் திரும்பிவிடும். 'கொ' எழுத்தின் கால் தள்ளி நிற்பதை நான் சரிசெய்து கொண்டுபோனபோது எத்தனை தடவை திருப்பினார்! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் நாளாக ஆக என்னுடையதைப் படிப்பதை நிறுத்திவிட்டார். "உன்னோடத என்னத்தப் படிக்கிறது, நேரா போட்டுடலாம் லா" என்றார், எல்லார் முன்னாலும். என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

பிறகு, சிராங்கூன் ரோட்டில் அச்சுக்கடை வைத்திருந்த ஒருவர் வந்து சேர்ந்தார். பிரிண்டரைத் தோளில் சுமந்து வருவார். ஒரு வருடம் ஒழுங்காக உழைத்தார். அவருடையதையும் அண்ணன் படிக்காமல் வாங்க ஆரம்பித்தார். அப்படி வாங்கிய ஒன்றில் பூட்டு இருந்தது. அதன்பின் எங்கள் புரோகிராமில் அடித்து வைத்த எதுவும் எங்களுக்குத் திறக்கவில்லை. அச்சுக்கடைக்காரர் தன் கடையில் காசுக்கு விற்ற புரோகிராமில் மட்டும் திறந்தது. அண்ணி மாதக்கணக்கில் அடித்து வைத்திருந்த தேவாலயப் பாட்டுகளும் அதில் மாட்டிக்கொண்டன.

நான் அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அண்ணன் திட்டவில்லை. "நான்தானே படிக்கல" என்றார்.

வாரம் முழுக்க மல்லுக்கட்டி அந்தப் பூட்டை உடைக்க வழி கண்டுபிடித்தேன். அடுத்த ஞாயிறு டிஸ்கெட்டோடு ஓடினேன். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டார்.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காரு. படிச்சிடுறேன்."

முதல் வரி. "இது எதுக்கு?" சொன்னேன். அடுத்த வரி. "இது?" அதையும் சொன்னேன். பாதியில்தான் கவனித்தேன்: அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போயிருக்கலாம். கடைசி வரிவரை சொன்னேன்.

"தப்பு ஒண்ணும் இல்ல," என்றார். "ஆனா என் கண்ணுல படாம எங்கயாச்சும் ஏதாவது இருக்குமோன்னு இருக்கும்மா. இனிமே யாரோடதையும் என்னால போட முடியாது. கோவிச்சுக்காத."

"அவ நம்ம வீட்டுப் பொண்ணுங்க," என்றார் அண்ணி. அண்ணன் டிஸ்கெட்டை உறையில் போட்டு என்னிடம் நீட்டினார். அண்ணியின் பாட்டுகளைக்கூட என் டிஸ்கெட்டை வைத்துத் திறந்து பார்க்க விடவில்லை.

பஸ் நிறுத்தத்தில் ஆள் இருப்பதையும் பார்க்காமல் அழுதேன். ஒரு பிழை இருக்கிறது என்று அவர் காட்டியிருந்தால் மறுநாளே திருத்திக் கொடுத்திருப்பேன்.