இரண்டாவது நாற்காலி

எழுபதுகளில் மூணாறுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தேன். வீடு எஸ்டேட்டுடையது, வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். அதனால் நல்ல சாமான் வாங்க மனசே வராது. தேயிலை அடைக்கும் பழைய பலகைப் பெட்டிகள்தான் எனக்கு மேசை, நாற்காலி எல்லாம். உடைந்தால் அடுப்பில் வைத்துவிட்டு வேறொன்று எடுத்துவருவேன்.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று பக்கத்து வீட்டு ஞானமுத்து அண்ணன் முறுக்கு கொண்டுவந்தார். உட்காரச் சொன்னேன். பெட்டி நொறுங்கி, மனிதர் தரையில் விழுந்தார். எழுந்து சிரித்தார்.

“நாளைக்கே ஊருக்குப் பொறப்படுற ஆளு மாதிரி குடியிருக்கீகளே சார். அங்க யாரு இருக்கா?”

“அம்மா இருந்தாங்க. இப்ப யாருமில்லண்ணே.”

அதை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

மறுவாரமே தச்சரிடம் பலாமர நாற்காலி செய்யச் சொன்னேன். “ஒண்ணா, ரெண்டா?” என்று கேட்டார். “ரெண்டு” என்றேன்.

ஞானமுத்து அண்ணன் அதில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்தார். அடுத்த சில மாதங்களிலேயே ஓய்வுபெற்றுத் திருநெல்வேலிக்குப் போய்விட்டார்.

நானும் ஓய்வுபெற்று வீட்டைக் காலி செய்தபோது இரண்டையும் கூடவே கொண்டுவந்தேன். இன்றுவரை ஓர் ஆட்டம் இல்லை. என் நாற்காலியின் கைகள் தேய்ந்து வழவழத்துவிட்டன. மற்றதில் தச்சர் பூசிய மெருகு அப்படியே இருக்கிறது.