ஒரே ஒரு டிஸ்க்

மிஷின் ரிப்பேர் செய்கிறவனுக்கு மிஷினைக் கண்டு பயம் கிடையாது. அதைச் சுற்றி நிற்கிற மனுஷர்களைக் கண்டுதான் பயம். பம்ப்செட்டோ, ரேடியோவோ, தையல் மிஷினோ, எதையாவது ஒன்றைப் பிரித்து மாட்டிப் பிழைத்தவர்கள் இதைப் படிக்கும்போது தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் பார்த்தது கம்ப்யூட்டர். எழுபதுகளின் கடைசியில் எனக்கு ஒதுக்கிய பகுதியில் இருந்ததே இரண்டு கம்ப்யூட்டர்கள்தான். ஒன்று பாலக்காட்டுக்குக் கிழக்கே, வாளையார் ரோட்டில் ஒரு ஃபாக்டரியில். இன்னொன்று இடுக்கி மலையில், சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலைக் கம்பெனியின் ஆபீசில். இரண்டுக்கும் நடுவே ஒரு பகல் முழுக்க பஸ்.

அந்த இரண்டுக்கும் சேர்த்து என் கையில் ஒரே ஒரு சிஸ்டம் டிஸ்க். மிஷினை முதலில் நிறுவும்போது எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி கொடுத்தது. கல்யாண வீட்டுத் தாம்பாளம் அளவு இருக்கும், மேலே வெள்ளைப் பிளாஸ்டிக் உறை. தினமும் ஓடுகிற டிஸ்க்கில் ஏதாவது சிஸ்டம் ஃபைல் காணாமல் போய்விட்டால், இதை அதே டிரைவின் மேல் தட்டில் போட்டு, இதிலிருந்து மிஷினை எழுப்பி, அந்த ஃபைலை நகலெடுத்துத் திருப்பி வைக்க வேண்டும். இதற்கே ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாமே என்பீர்கள். வெற்று டிஸ்க் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதற்கு லைசென்ஸ் வர வேண்டும், எங்கள் விண்ணப்பம் பம்பாயில் யார் மேசையிலோ தூங்கிக்கொண்டிருந்தது. அதனால் இந்த டிஸ்க் போனால் இரண்டு மிஷினும் போச்சு, கூடவே என் பிழைப்பும் போச்சு.

மடியில் ஒரு பெட்டி

அந்த டிஸ்க்குக்குத் தூசி ஆகாது, ஈரம் ஆகாது, குலுக்கல் ஆகாது, காந்தம் பக்கத்திலேயே வரக்கூடாது. ஒரு தகரப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து அதில்தான் கொண்டுபோவேன். பஸ்ஸில் ஏறினால் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொள்வேன். மூக்கு அரித்தால்கூட கையை எடுக்க மனசு வராது.

ஒருமுறை பொள்ளாச்சி பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியை மேலே கேரியரில் போடச் சொன்னார். முடியாது என்றேன். சீட்டுக்கு அடியிலாவது தள்ளச் சொன்னார். அதுவும் முடியாது என்றேன். பக்கத்தில் இருந்தவர் முட்டி இடிக்கிறது என்று முனக, பின்னால் இருந்தவர் உள்ளே என்ன பாம்பா என்று கேட்க, பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. உள்ளே இருப்பதைச் சொன்னால் யாருக்குப் புரியும்? வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் பார்த்துப் பார்த்துக் கடைசியில் குனிந்து கேட்டார்:

“ஏனுங்க, பெத்த புள்ளையக்கூட இத்தன இறுக்கிப் புடிச்சுட்டு யாரும் வந்து நான் பாத்ததில்லீங்க. எறக்கி வெச்சா அது அழுகுமுங்களா?”

பூஜையில் வைத்த பொருள்

நான் சொல்ல வந்த விஷயம் நடந்தது ஒரு சரஸ்வதி பூஜையின்போது. நவமி அன்று காலை, பாலக்காட்டு ஃபாக்டரிக்கு விடுமுறை. நான் மட்டும் மிஷின் ரூமில் இருந்தேன். சித்திரபுரத்திலிருந்து டிரங்கால் வந்தது. பேசியது அங்கே ஆபீஸ் சூப்பரண்டு பெருமாள்சாமி. மிஷின் எழுந்திருக்கவில்லை, ஏதோ ஒரு ஃபைல் இல்லை என்று டைப் அடித்துவிட்டுச் செத்த மாதிரி கிடக்கிறது என்று கத்தினார். ஆப்பரேட்டர் ஜெபமணிதான் எதையோ அழித்துத் தொலைத்துவிட்டாளாம். நாளை மறுநாள் மத்தியானம் ஹெட் ஆபீசிலிருந்து ஆபீசர் மிஷினைப் பார்க்க வருகிறார், அதற்குள் ஓடவில்லை என்றால் அந்தப் பெண்ணைத் திரும்பக் கொழுந்து கிள்ள அனுப்பிவிடுவேன் என்றார். போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தேன். டிஸ்க் இல்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மிஷின் ரூமுக்குப் பொறுப்பாளர் வைத்தியநாதய்யர், கல்பாத்திக்காரர், ஒரு ஸ்க்ரூ காணோம் என்றாலும் தரையில் படுத்துத் தேடுகிறவர். அவரைத் தேடிப்போனால், முன் ஹாலில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் சாமான்களை அடுக்கிவைத்துக்கொண்டு நிற்கிறார். கீழே மிஷின் புத்தகங்கள், அதன்மேல் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், எல்லாவற்றுக்கும் மேலே சிம்மாசனத்தில் ஏறின மாதிரி என் தகரப்பெட்டி. அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், குங்குமம், செம்பருத்தி. பக்கத்திலேயே கற்பூரம் எரிகிறது. ஐயோ, கற்பூரப் புகை! மிஷினில் டிஸ்க்கைப் படிக்கிற தலை, டிஸ்க்கைத் தொடாமல் மயிரிழைக்கும் குறைவான இடைவெளியில் மிதக்கும். ஒரு துளி புகைக்கரி நடுவில் போனால் போதும், தலை உரசி டிஸ்க்கை உழுதுவிடும்.

பெட்டியைக் கொடுங்கள், இப்போதே பஸ் பிடிக்க வேண்டும் என்று கெஞ்சினேன். அங்கெல்லாம் வழக்கம் தெரியுமே, பூஜைக்கு வைத்ததை விஜயதசமி காலையில் முறைப்படி எடுக்கிறவரை ஒருத்தரும் தொடக்கூடாது. அந்தப் பெண்ணின் வேலை போய்விடும் என்று சொன்னதும் ஐயர் முகம் வாடிப்போனது. மறுநாள் விடியும்போதே வந்து பூஜையை எடுத்து, முதல் பஸ்ஸுக்கு முன்னால் பெட்டியைத் தந்துவிடுவதாகச் சொன்னார். அதற்குமேல் ஓர் அங்குலம் இறங்கவில்லை.

“பூஜ வெச்சாச்சுன்னா அப்பறம் அது உம்ம டிஸ்க் இல்லையாக்கும் ஓய், அம்பாளோட டிஸ்க். நாளைக்குக் காலம்பற அவ தருவா, வாங்கிண்டு போம்.”

சந்தன வாசனை

சொன்ன சொல் தவறாமல் ஐயர் விடியும்போது வந்தார். பெட்டியோடு ஒரு பொட்டலம் சுண்டலும் தந்தார். சந்தனத்தைத் துடைத்துப் பார்த்தேன், நிறம் போனது, வாசனை போகவில்லை. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை தாண்டி மலையேறுகிற பஸ்ஸில் என்னைச் சுற்றி ஒரே கோயில் மணம்.

சின்னாறு செக்போஸ்ட்டில் பஸ் நின்றது. ஃபாரஸ்ட் கார்டு ஒருவர் ஏறினார். மறையூர்ச் சந்தனக் காடு பக்கத்தில்தான், அவர்கள் மூக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நேரே என் மடிக்கு வந்து நின்றார். இறங்கு, பெட்டியைத் திற என்றார். தூறல் வேறு. நான் பெட்டியைச் சட்டைக்குள் பாதி நுழைத்துக்கொண்டு அவர் ஷெட்டுக்குள் ஓடினேன். திறந்து காட்டினேன். வெள்ளை உறையைத் தட்டிப் பார்க்கக் கையை நீட்டினார், நான் குறுக்கே விழாத குறைதான். கம்ப்யூட்டர் என்றேன், பூஜை என்றேன், ஒரு பெண்ணின் வேலை என்றேன். எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்து உளறினேன். வெளியே டிரைவர் ஹாரனை விடாமல் அடிக்கிறார். அந்த பஸ் போய்விட்டால் அன்றைக்கு வேறு வழியில்லை. கார்டு பெட்டியை ஒரு தரம் முகர்ந்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார்.

“இங்கேருந்து சந்தனம் வெளிய கொண்டு போற கள்ளனைத்தான் சாரே இத்தன காலமும் பிடிச்சிட்டிருக்கேன். மறையூருக்கு உள்ளே சந்தனம் கொண்டு வர்றவனை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்.”

கம்பளிக்குள்

சித்திரபுரத்தில் இறங்கும்போது நல்ல மழை. பஸ் நிறுத்தத்தில் குடையும் ஒரு கறுப்புக் கம்பளியுமாக ஒரு பெண் நின்றிருந்தாள். அவள்தான் ஜெபமணி. கம்பளி அவள் அம்மா கொழுந்து கிள்ளப் போகும்போது போர்த்துவது. அதை எனக்குத் தருவாளாக்கும் என்று கை நீட்டினேன், அவள் பெட்டியை வாங்கி அதற்குப் போர்த்தினாள். குடையையும் பெட்டிக்கே பிடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் நனைந்துகொண்டு ஏறினோம்.

போகிற வழியில் நடந்ததைச் சொன்னாள். அப்பா, அம்மா, அக்கா எல்லோரும் தோட்ட வேலை, தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடான லயத்தில் குடியிருப்பு. லயத்திலிருந்து ஆபீஸ் நாற்காலிக்குப் போன முதல் ஆள் அவள்தான், அதுவும் இன்னும் நிரந்தரமாகவில்லை. நவமி அன்று மிஷின் விளக்குகள் மினுக்க மினுக்க ஆயுத பூஜை போட வேண்டும் என்று சூப்பரண்டுக்கு ஆசை. ஜெபமணி வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள், பூஜைக்கு உள்ளே வராமல் வாசலில் நின்றிருந்தாள். சுவிட்சைப் போட மட்டும் அவளைக் கூப்பிட்டார்கள். போட்டாள், மிஷின் எழவில்லை. கடைசியாகக் கை வைத்தவள் அவள், பழி அவள்மேல்.

அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. பட்டதும்தான் எனக்குப் பயமே பிடித்தது. ஏனென்றால், யாரும் அழிக்காமல் ஒரு ஃபைல் காணாமல் போனால், அந்த மிஷினின் தலை டிஸ்க்கை உரசிச் சுரண்டியிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மிஷினில் என் டிஸ்க்கைப் போட்டால் அதையும் சுரண்டிவிடும். யாராவது கையால் அழித்திருந்தால்தான் தைரியமாகப் போடலாம். இதை அவளிடம் சொன்னேன். பெட்டிமேல் கம்பளியை இன்னும் இழுத்துவிட்டாள். பிறகு கேட்டாள்:

“அப்ப நான் அழிக்கலைன்னா, நீங்க டிஸ்க்கப் போட மாட்டீகளா சார்?”

யார் தொட்டது?

மறுநாள் காலை மிஷினைத் திறந்து டார்ச் அடித்துத் தலையைப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிகிற காயம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத காயம் உண்டே, அதுதான் சங்கடம். பெருமாள்சாமி இஸ்திரி போட்ட சட்டையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். மத்தியானம் ஆபீசர் ஜீப் வந்துவிடும். நான் விஷயத்தை அவருக்கும் பக்கத்தில் நின்ற ஜெபமணிக்கும் பொதுவாகச் சொன்னேன். யாராவது அழித்திருந்தால் இப்போதே சரி செய்துவிடலாம். தானாகப் போயிருந்தால், பம்பாயிலிருந்து ஆள் வந்து தலையை மாற்றுகிறவரை மிஷின் இப்படியே கிடக்க வேண்டியதுதான். இந்த டிஸ்க் ஒன்றே ஒன்று, இது போனால் வேறு கிடையாது.

அவர் உடனே ஜெபமணியைக் கைகாட்டி, நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்றார். அவள் தலைகுனிந்து நின்றாள். பிறகு, “நான்தான் அழிச்சேன்னு வச்சுக்கோங்க சார், டிஸ்க்கப் போடுங்க” என்றாள். ராத்திரி அவள் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள், ஒத்துக்கொண்டு காலில் விழுந்தாலாவது வேலை தங்கும் என்று. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. எந்த ஃபைல், என்ன பெயர், எப்படி அழித்தாய், சொல் பார்க்கலாம் என்றேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பெட்டியை மூடிக் கொக்கியைப் போட்டேன். யாரும் தொடவில்லை என்றால் நான் கிளம்புகிறேன் என்று எழுந்து வாசலுக்கே வந்துவிட்டேன். வீம்பு இல்லை, நிஜமாகவே கிளம்பினேன்.

“நில்லுங்க” என்றார் பெருமாள்சாமி. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டுதான் பேசினார். பூஜைக்கு முந்தின நாள் ஆபீஸ் முழுக்க ஒட்டடை அடித்து, ஃபைல் கட்டுகளுக்குத் தூசி தட்டி, மேசையெல்லாம் துடைத்திருக்கிறார்கள். எல்லோரும் போன பிறகு அவருக்கு ஒரு யோசனை, மிஷினுக்குள்ளேயும் சுத்தமாக இருக்கட்டுமே என்று. ஜெபமணி அடிப்பதைப் பார்த்துப் பழகியதை வைத்து, உள்ளே இருக்கிற பெயர்களை வரவழைத்திருக்கிறார். எல்லாம் தோட்டத்து டிவிஷன் பெயர்கள். நடுவில் வாயில் நுழையாத பெயரில் ஒன்று. “நம்ம ஆளுக பேரும் இல்ல, நம்ம எடத்துப் பேரும் இல்ல. கம்பெனிக்காரன் விட்டுட்டுப் போன குப்பைன்னு தள்ளிட்டேன்” என்றார். அழித்த பிறகும் மிஷின் அணைக்கிறவரை ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மறுநாள் அது எழாதபோதுதான் விளங்கியது, அதற்குள் பழி ஒருத்திமேல் ஏறிவிட்டது. ரிட்டயராகப் போகிற நேரத்தில் கெட்ட பேர் வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டாராம்.

அப்படியும் டிஸ்க்கை மெல்ல மெல்லத்தான் உள்ளே தள்ளினேன். அதில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கிற பட்டனை அழுத்தினேனா என்று மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டேன். டிஸ்க் சுழல ஆரம்பித்தது. உரசுகிற சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். வரவில்லை. ஃபைல் நகலாகி முடிந்து, மிஷினை அணைத்துப் போட்டதும் கடகடவென்று டைப் அடித்து எழுந்துகொண்டது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆபீசர் வந்தார், பார்த்தார், டீ குடித்தார், மிஷினை ரொம்பச் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று பெருமாள்சாமியைப் பாராட்டிவிட்டுப் போனார். பெருமாள்சாமி மறுக்கவில்லை.

ஜெபமணி பஸ் நிறுத்தம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேலை தப்பியது, இப்போது சந்தோஷம்தானே என்று கேட்டேன். பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு, பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“டிஸ்க்கு ஒண்ணே ஒண்ணுன்னு சொன்னீகள்ல சார், அதான் அவுக வாயத் தொறந்தாக. எங்கள மாதிரி ஆளுதான் நெறைய இருக்கோமே.”

அன்றிலிருந்து எந்த ஊரில் எந்த மிஷின் நின்றாலும், அதைத் திறக்கும் முன்னால் அங்கே இருக்கிற பெரிய நாற்காலிக்காரரைப் பார்த்து, “சமீபத்தில் ஏதாவது சுத்தம் செய்தீர்களா சார்?” என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரையே கையில் எடுக்கிறேன்.