நாலாவது பாத்தி

அன்றைக்கு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னாலிருந்த எங்கள் மரக்கறித் துண்டு நிலத்தில் நின்றவர்கள் அப்பா, அம்மா, பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அத்தை, மோட்டார் சைக்கிளில் வந்த விவசாய அதிகாரி மாத்தயா, நான். ஐந்து பேர்தான். எண்ணும்போது ஆறு என்று வந்துவிடுமோ என்று எனக்கு இன்றும் பயம். கைக்குழந்தையாக இருந்த தம்பி அதற்கு முந்திய மழைக்காலத்திலேயே போய்விட்டான். காய்ச்சலோடு அவனைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு அம்மா கொழுந்து பறிக்கப் போன நாள் அது.

மாத்தயா நாலு ஜாதிப் போஞ்சி விதை, அதுதான் பீன்ஸ் விதை, கொண்டுவந்திருந்தார். எங்கள் எல்கடுவ மலையின் மழைக்கு எது தாங்கும் என்று பார்க்க வேண்டுமாம். நாலு பாத்திக்கும் ஒரே உரம், ஒரே மாதிரிக் குச்சி.

“இது பரீட்சை. எந்தப் பாத்திக்கும் சொல்லிக் குடுக்கக் கூடாது. சாகிறது சாகட்டும், அதுதான் நமக்குத் தெரியணும்” என்றார்.

“அப்ப எங்க வீட்டுப் புள்ள மாதிரி ஒண்ணு ஃபெயிலாகும்” என்று அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். பரீட்சை என்றாலே எனக்கு ஆகாது. பின்னாளில் எட்டாம் வகுப்போடு நின்றதும் அதனால்தான்.

மூன்று பாத்தியில் கொடி குச்சியைப் பிடித்து ஏறியது. நாலாவது மஞ்சளித்து நின்றது.

“என்னா புள்ள, ஒங்க நாலாவது நோஞ்சானா இருக்கு?” என்று அத்தை கேட்டாள். தம்பியையும் லயத்தில் நோஞ்சான் என்றுதான் சொல்வார்கள்.

மறுநாள் மழை பிடித்தது. அப்பா தொழிற்சாலைக்குப் போனதும், கொழுந்து பறிக்கையில் நனையாமலிருக்க இடுப்பில் கட்டும் படங்கை அம்மா நாலாவது பாத்தியின் குச்சிகள்மேல் கூடாரமாகக் கட்டினாள். தான் நனைந்துகொண்டே மலைக்கு ஏறினாள். படங்கு எங்கே என்று கேட்டவர்களிடம் கிழிந்துவிட்டது என்றாளாம். சாயங்காலம் வந்து அவிழ்த்து ஒளித்து வைத்தாள். மழை விடும்வரை தினமும் இதே வேலை. பரீட்சையில் பார்த்து எழுத விடுகிறாளே, மாத்தயா பிடித்துவிட்டால் என்ன ஆகும் என்று மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே இருந்தேன்.

மாத்தயா பிடிக்கவில்லை. மற்ற மூன்றும் இலை துருப்பிடித்துக் கிடக்க, நாலாவதில் காய் தொங்கியது. வேறு தோட்டங்களில் தேறாத ஜாதி இந்தச் சரிவுக்கு ஒத்துவந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, அடுத்த போகத்துக்கு லயம் முழுக்க அந்த விதையையே கொடுத்தார். அத்தை தன் துண்டு முழுவதும் போட்டாள். மகள் சடங்குக்கு அந்தப் போஞ்சியைத்தான் நம்பியிருந்தாள்.

மழை வந்தது. எல்லாத் துண்டிலும் கொடி வேரோடு அழுகியது. கறுத்த பிஞ்சுகளை மடியில் வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்த அத்தை, “அந்த மாத்தயா நாசமாப் போக” என்று சபித்தாள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பிறகு எங்கள் துண்டில் குச்சி பிடுங்கும்போது, என்னிடமென்று இல்லாமல் மெதுவாகச் சொன்னாள்.

“மொதல்லயே போத்தி வச்சிருந்தா அது பொழைச்சிருக்கும்.”

கைக்குழந்தையை எங்கள் பக்கம் ‘அது’ என்றுதான் சொல்வோம். எனக்கு அப்போது அந்த நினைப்பே வரவில்லை.

“நாலாவது பொழைச்சுச்சுதானேம்மா” என்றேன்.

அம்மா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த குச்சியைப் பிடுங்கினாள்.