அக்கா எடுத்த கொக்கி

மாகறல் போகிற சாலையில் ஸ்கூட்டி சறுக்கி அக்காவின் வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் சரியாக மடங்கவில்லை. டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் அழுத்திப் பிடித்துப் பழகச் சொன்னார். அக்கா அதைத் தையல் மெஷின் டிராயரில் போட்டு மூடிவிட்டாள். உத்திரமேரூரில் எத்தனையோ கல்யாணங்களுக்கு ரவிக்கை தைத்த கை அது. கடைசியாக எனக்குத் தைத்த நீல ரவிக்கை, கொக்கி வைக்கிற வேலை மட்டும் பாக்கியாக, மெஷின் மேலேயே கிடந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான். "பந்து எங்கே?" என்று தினமும் கத்தினேன். கத்துவது எனக்குக் கைவந்த கலை, என் மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பள்ளியில் நான் ரோபோ கிட் வகுப்பு எடுக்கிறேன். சின்ன மோட்டார்கள், பொத்தான்கள், ஒன்றில் ஒன்று செருகுகிற பிளாஸ்டிக் கட்டைகள். ஒருமுறை சென்னை மாலில், கண்ணாடிப் பெட்டிக்குள் இடுக்கியை இறக்கிப் பொம்மை எடுக்கிற மெஷினை விட்டு அக்கா நகரவே மாட்டேன் என்றது ஞாபகம் வந்தது. அன்று ஒரு பொம்மையும் வரவில்லை. அதே மாதிரி ஒன்றை, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டி முடித்தேன். இடது கையால் இடுக்கியை நகர்த்தலாம். வலது கையால் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை இடுக்கி மூடியிருக்கும், விட்டால் திறந்துவிடும். உள்ளே நூல்கண்டு, பாபின், சாக்லேட், ஒரு கொக்கி பாக்கெட் போட்டுவைத்தேன்.

"இன்னாடி இது, கொயந்த வெளையாட்டு," என்றாள். ஆனால் உட்கார்ந்தாள்.

எல்லாம் பாதி வழியிலேயே விழுந்தன. விரல் நடுங்கும், பொத்தான் விடுபடும், இடுக்கி வாயைத் திறக்கும். நாலாம் நாள் என்னால் பார்க்க முடியவில்லை. அவள் டீ போடப் போன நேரத்தில் புரோகிராமை மாற்றினேன். லேசாகத் தொட்டாலே போதும், பொருளை வெளியே கொண்டுவந்து போடும்வரை இடுக்கி திறக்காது.

முதலில் நூல்கண்டு வந்தது. அக்கா சிரித்தாள், நானும் சிரித்தேன். அடுத்து சாக்லேட். மூன்றாவதாக பாபின் மேலே வரும்போது அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாபின் அந்தரத்தில் தொங்கியது.

"நான் கைய எட்த்துட்டேன். அது இன்னும் புட்ச்சிக்கினு கீது."

"சும்மா, உன் சந்தோஷத்துக்குத்தான்க்கா."

"எனக்கு வராதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

உண்மையில் முடிவு பண்ணித்தான் இருந்தேன். வெட்கமாக இருந்தது. அவள் கண்ணெதிரிலேயே பழையபடி மாற்றிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு பள்ளி விட்டுத் தெருவில் திரும்பும்போதே மோட்டார் சத்தம் கேட்கும். கொக்கி பாக்கெட் எத்தனையோ முறை விளிம்புவரை வந்து விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது சாதாரண விஷயமில்லை. ஒரு சாயங்காலம் பாக்கெட் வெளியே வந்து விழுந்தது. அக்கா அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலை நீல ரவிக்கை என் கட்டிலில் இருந்தது. ஐந்து கொக்கிக்கு ஒன்றுதான் வைத்திருந்தாள், அதுவும் கோணலாக.

"மீதிய மெள்ள வெக்கிறேன். இப்ப மெஷின் மேலயே வெச்சிட்டுப் போ," என்றாள்.

நான் கேட்கவில்லை. ஒரு கொக்கியும் நான்கு ஊக்குமாக அதையே போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அன்று வகுப்பில் ஒருவரையும் திட்டத் தோன்றவில்லை.