கல்லுக்கு வாக்கு உண்டா?

பிரிசில்லாவுக்கு ஊர் மண்ணரை. பதினோரு வருடம் பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் நின்றவள். துணியை அடுக்கி, அளவு அட்டை வைத்து, கோடு போட்டாள் என்றால் மயிரிழை பிசகாமல் வெட்டுவாள். கம்பெனிக்குத் தானாக வெட்டும் இயந்திரம் வந்தது, இவள் வெளியே வந்தாள். அந்த நேரம் பார்த்து ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் கல் அறுத்துத் தேய்க்க ஆள் தேடினார்கள். பேராசிரியர் மகுடேஸ்வரன் சான்றிதழ் கேட்கவில்லை, அவள் கை வேலையைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். பின்னால் திட்டப் போகிறேன் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அங்கே அறுப்பது வீட்டுக்குப் பதிக்கிற கல் அல்ல. ஆலிவின் என்ற பச்சைக் கல். பூமியின் மேலோட்டுக்குக் கீழே கவசம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அதன் மேற்பகுதி பெரும்பாலும் இந்தக் கல்தான். எரிமலை எப்போதாவது ஒரு துண்டை மேலே தள்ளிவிடும். பார்த்தால் கெட்டிக் கல். ஆனால் அதற்குள் ஹைட்ரஜன் நடமாடுகிறது! இருக்கிற அணுக்களிலேயே பொடிசு அதுதான். கவசத்தின் சூட்டில் கல்லின் அணுக்களுக்கு நடுவே புகுந்து புகுந்து நகர்ந்துவிடும். துளியூண்டு புகுந்தாலே பாறை இளகும், சீக்கிரம் உருகும். இதை முதல் முறை கேட்ட அன்று பிரிசில்லாவுக்கு மதியச் சோறு இறங்கவில்லை, அத்தனை ஆச்சரியம்.

போன மாதம் மகுடேஸ்வரன் ஒரே கல்லில் இரண்டு சில்லு வெட்டச் சொன்னார். இரண்டையும் நீராவியோடு அழுத்த உலைக்குள் வைத்து ஆயிரம் டிகிரியில் சுட்டார். பிறகு அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, ஓரத்திலிருந்து ஹைட்ரஜன் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று அளந்தார். முதல் சில்லில் மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு. இரண்டாவதில் பத்தில் ஒரு பங்குதான்.

ஒரே கல், ஒரே சூடு. பிறகு எப்படி? மனிதருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மூன்று மாணவர்களும் அலுவலக எழுத்தர் கந்தப்பனும் பக்கத்திலேயே நின்றார்கள்.

"கல்லை மாத்திட்டீங்க பிரிசில்லா. நாளைல இருந்து நான் வேற ஆளைப் பாத்துக்கறேனுங்க."

வேலை போவது ஒரு வலி. கல்லை மாற்றியவள் என்ற பேரோடு போவது அதைவிடப் பெரிய வலி. பதினோரு வருடத்தில் ஒரு துண்டுத் துணியைக்கூட மாற்றி வைக்காதவள் அவள். அறுக்கும் மெஷினைக் கடைசியாகத் துடைத்து வைத்துவிட்டுப் போகலாம் என்று பனியன் வேஸ்ட் துணியைக் கையில் எடுத்தாள். ஆத்திரத்தில் அதைப் பிடித்து இழுத்தாள். நீண்டது. துணியைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்து இழுத்தாள். அவ்வளவாக நீளவில்லை.

இரண்டாவது சில்லை வெட்டிய நாள் பிரிசில்லாவுக்கு ஞாபகம் வந்தது. கல் சின்னது. முதல் சில்லை வெட்டியதும் மிச்சத்தில் இரண்டாவது சில்லு நேராக அடங்கவில்லை. கட்டிங் மேஜையில் பாக்கெட் துண்டு அடங்காவிட்டால் அட்டையைத் திருப்பிப் போடுவார்கள், துணி மிச்சமாகும். உடம்புத் துண்டை மட்டும் திருப்பவே கூடாது, துவைத்ததும் சட்டை கோணிக்கொள்ளும். நீளவாக்கு, குறுக்குவாக்கு எல்லாம் துணிக்குத்தானே, கல்லுக்கு என்ன வந்தது என்று அன்றைக்குத் திருப்பி வைத்து வெட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லவும் இல்லை.

துணியும் கையுமாக ஓடினாள்.

"சார், கல்லுக்கு வாக்கு உண்டுங்களா?"

"வாக்கா? கல்லு எங்கீங்க ஓட்டுப் போடுது?"

"அந்த வாக்கு இல்லீங்க சார். நீளவாக்கு, குறுக்குவாக்கு! இந்தாங்க, இப்படி இழுத்தா வருது. இப்படி இழுத்தா வர்றதில்லீங்க. ஒரே துணிதானுங்களே? ரெண்டாவது சில்லை நான் குறுக்கால வெட்டிட்டேனுங்க. அதே சில்லை மத்த ஓரத்துல இருந்து அளந்து பாருங்க!"

மகுடேஸ்வரன் துணியை வாங்கி இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். படிகத்தில் அணுக்கள் ஒவ்வொரு திசையிலும் ஒவ்வொரு விதமாக அடுக்கியிருக்கும், ஹைட்ரஜன் ஒரு திசையில் வேகமாகவும் இன்னொன்றில் மெதுவாகவும் போகும் என்று வகுப்பில் வருடா வருடம் சொல்லிக்கொடுப்பவர் அவர். வெட்டியவளிடம் 'எப்படி வெட்டினீர்கள்' என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் தோன்றவில்லை. படிப்பு அவ்வளவு இருந்து என்ன பிரயோஜனம்?

சில்லைத் திருப்பி வைத்தார். திரையில் புள்ளி புள்ளியாக வந்தது. பத்தில் ஒன்று, இருக்கிறது. இரண்டு, இன்னும் இருக்கிறது! மூன்றைத் தொட்டதும் புள்ளிகள் சரிந்தன.

"அதே மூணு!" என்று கத்தினார் மகுடேஸ்வரன். "ஒரே சூட்டுல ரெண்டு திசையும் கிடைச்சிருச்சுங்க! அடுத்த வருஷம் பண்ணலாம்னு வெச்சிருந்தனுங்க இதை!"

பிரிசில்லாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நூறு மைல் ஆழத்தில் ஒரு பொடி அணு எந்தப் பக்கம் ஓடும் என்பது அவள் வெட்டிய சில்லில் தெரிகிறது!

"நாளைக்கு நேரத்துலயே வந்துருங்க," என்றார் அவர். அவள் நகரவில்லை.

"குறுக்கால வெட்டிட்டுச் சொல்லாம உட்டது என்ர தப்புங்க சார். ஆனா கல்லை மாத்திட்டேன்னு நாலு பேரு முன்னாலதானுங்க சொன்னீங்க."

மகுடேஸ்வரன் எழுந்து வெளியே போய், மாணவர்களையும் கந்தப்பனையும் உள்ளே கூப்பிட்டார்.

"பிரிசில்லா கல்லை மாத்தலீங்க. நான் கேக்காமப் பேசிட்டேன்," என்றார். ஹைட்ரஜனைப் பற்றி அதற்குப் பிறகுதான் சொன்னார்.