சங்கிலிமுத்து ஓடிய பக்கம்

1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களில் மாடத்தியும் ஒருத்தி. கணவனை வழியில் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு வயது மகன் சங்கிலிமுத்துவை இடுப்பில் சுமந்து ஆமத்தூர் வந்து சேர்ந்தாள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஊருக்கு அவர்கள் ‘ரங்கூன்காரங்க’தான்.

சங்கிலிமுத்து சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கினான். அங்கே வருகைப் பதிவு எழுதியவன் நான். 1960இல் அவன் பட்டாளத்தில் சேர்ந்தான். 1962 நவம்பரில் சீன எல்லையில் இறந்தான். தந்தி வந்தது, உடல் வரவில்லை. சண்டையில் அவன் ஓடினான் என்றொரு பேச்சு மட்டும் பின்னாலேயே வந்தது.

“ஓடிப்போனவனுக்கு எதுக்கு மாலையும் படமும்?” என்றான் டீக்கடை ஆண்டிச்சாமி. மாடத்தி மகனின் படத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். டீக்கடைத் தெருவில் நடப்பதையும் விட்டாள்.

மறு சித்திரையில், சங்கிலிமுத்துவோடு பட்டாளத்தில் இருந்த வெம்பக்கோட்டை வெள்ளைத்துரை விடுப்பில் வந்தான். நான்தான் மாடத்தி வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

“ஆத்தா, நாங்க ஆறு பேரு பாறைக்குப் பின்னால பதுங்கிக் கெடந்தோம். ஒருத்தனுக்குக் கால்ல குண்டு. அவனுக்குத் தண்ணி எடுக்கப் போன சங்கிலிமுத்து திரும்புறப்ப, சீனாக்காரங்க இவனை மட்டும் பாத்துட்டாங்க. பாறை கிட்டத்துலதான். வந்திருந்தா ஒளிஞ்சிருக்கலாம். வெட்டவெளிச் சரிவுல ஓடுனான். பயத்துல திக்குத் தெரியலைன்னு நெனச்சேன். எங்க அண்ணனுக்கு அப்படித்தான் எழுதிட்டேன். அதுதான் இந்த ஊரு வரைக்கும் பரவிருச்சு.”

“நீக ஆறு பேரும் பொழைச்சீகளா?”

“பொழைச்சோம். அவங்க இவன் பின்னாலயே போயிட்டாங்க.”

மாடத்தி என்னைப் பார்த்தாள். “அய்யா, மருந்து ரூம்ல சட்டை பத்திக்கிட்டா எங்கிட்டு ஓடணும்?”

ஆள் இருக்கும் பக்கம் ஓடக் கூடாது. ஓடினால் தீயும் கூடவே போகும். முதல் நாளே சொல்லித் தருவது அது. 1958 ஆடியில் சங்கிலிமுத்துவின் சட்டைக் கை பற்றிக்கொண்டது. தண்ணீர்த் தொட்டி பெண்கள் திரி வைக்கும் கொட்டகைப் பக்கம் இருந்தது. அவன் எதிர்ப்பக்கப் பொட்டலுக்கு ஓடி மணலில் புரண்டான். நான் நேரில் பார்த்தேன். அதைச் சொன்னேன்.

“முழங்கையில தழும்பு கெடக்கும். என்னன்னு கேட்டதே இல்லை” என்றான் வெள்ளைத்துரை.

மாடத்தி எழுந்து பெட்டியைத் திறந்து படத்தை எடுத்தாள். மூவரும் டீக்கடைக்கு நடந்தோம்.

“என்ன ரங்கூன்காரம்மா, அதிசயமா இருக்கு” என்றான் ஆண்டிச்சாமி.

“எம் மகன் ஓடுனான்னியே, நெசந்தான். எந்தப் பக்கம் ஓடுனான்னு இந்தத் தம்பிகிட்ட கேளு.”

வெள்ளைத்துரை பெஞ்சில் உட்கார்ந்து, தானாகவே சொல்லத் தொடங்கினான்.